இரண்டு குட்டி விசில்

அந்தப் பக்கம் உட்காராதே கண்ணு, பத்தரைக்கு மேல் அங்கே வெயில் வந்துவிடும். இப்படித் தள்ளி வா. நாலு வாய்தாவாக நான் இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தூணின் நிழல் எப்போது எங்கே நகரும் என்று எனக்குத் தெரியும். ஃபைலை மடியில் வை. நிமிர்ந்து உட்கார். முதுகு வளைந்தால் மூச்சு பாதிதான் உள்ளே போகும்.

உனக்கு என்ன கேஸ்? ஜீவனாம்சமா. சரி, கிடைக்கும், விடாதே. எனக்கு அடிதடி. சிரிக்காதே, நிஜமாகத்தான். அறுபத்திரண்டு வயது, ரிட்டயர்டு பி.டி. டீச்சர். குணவதி டீச்சர் என்றால் எங்கள் வாட்டர் டேங்க் காலனியில் குழந்தைகூட வீடு காட்டும். கொடுங்காயம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஆளை அடிக்கிறவளா? பார்த்துச் சொல்.

நான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தாயா? தொட்டுப் பார். கட்டை விரலால் அமுக்கு. அமுங்கி மேலே வருகிறது பார். ரப்பர். ஒரு அடிக்கு ஒரு அடி. மாநகராட்சி இன்ஜினியர் மாதிரிக்கு என்று கொடுத்த துண்டு. இதே மாதிரி சிவப்பாக எங்கள் விளையாட்டுத் திடல் முழுக்க வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். சென்னியப்பனுக்குக் கை நன்றாக இருந்திருக்கும். கேஸ் அவ்வளவுதான். வக்கீலிடம் இதைத்தான் சொல்கிறேன். அவர், ‘அம்மா, ரப்பரை எல்லாம் ஜட்ஜ் கேக்க மாட்டாருங்க’ என்கிறார்.

டேங்குக்குப் பின்னால் அது சும்மா கிடந்த இடம். சீமைக்கருவேலமும் பாட்டிலும். மக்கள் உழைப்பைக் கொடுத்தால் சாமானை நாங்கள் கொடுக்கிறோம் என்று மாநகராட்சியில் ஒரு திட்டம் வந்தது. நான் வீடு வீடாகப் போய் இருபத்திரண்டு கையெழுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் விசில் அடிப்பேன். அத்தனை பேரும் கீழே வரவேண்டும். வராதவர்கள் வீட்டு வாசலில் நின்று அடிப்பேன். ‘டீச்சர், பால் வாங்கிட்டு வந்தர்றனுங்க’ என்பார்கள். பால் பிறகு.

முதல் ஞாயிற்றுக்கிழமை புதரிலிருந்து ஒரு சாரைப்பாம்பு வந்தது. ‘விஷமில்லீங்க டீச்சர், விட்ருங்க, போயிரும்’ என்றான் சென்னியப்பன். விஷமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் குழந்தைகள் விளையாடப் போகிற இடம். அடித்தோம். சாக நேரம் எடுத்துக்கொண்டது. குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பார்க்க வைத்தேன். பயம் தெளியட்டும் என்றுதான்.

அடுத்த வாரம் சீட்டாடுகிறவர்கள். மூன்று பேர். எழுந்து போகச் சொன்னேன். ஒருத்தன், ‘இது உங்கப்பன் எடமா?’ என்றான். மண்வெட்டிக் காம்பு கையில் இருந்தது. அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. காலனியே கை தட்டியது கண்ணு. மாடியில் நின்றவர்கள்கூடத் தட்டினார்கள். யாரும் கேஸ் கொடுக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். அன்றைக்குத் தட்டிய அதே கைகள்தான் பிறகு எனக்கு எதிராகப் போலீஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டன.

சென்னியப்பன் யார் என்று சொல்லவில்லையே. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஏழாம் வகுப்பில் என்னிடம் இருந்தவன். வலது முட்டிக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும், அது என் பிரம்பு. ‘நீங்க அன்னிக்கு அடிச்சதுலதானுங்க டீச்சர் நான் ஒரு தொழில் கத்துக்கிட்டேன்’ என்று அவனே எல்லோரிடமும் சொல்வான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். இருபத்திரண்டு பேரில் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவன் அவன் ஒருத்தன்தான். மாநகராட்சி அனுப்பிய ஊஞ்சல் கம்பத்தில் இணைப்பு சரியில்லை என்று கழற்றி, தன் பட்டறையில் வைத்து மறுபடி பற்றவைத்துக் கொண்டுவந்தான். அவன் மகள் தாரணி. ஒன்பது வயது. தாரணியைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

குழந்தைகளுக்கு நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒரு நீள விசில் அடித்தால் சிலை. எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், அப்படியே நின்று கைகளை இரண்டு பக்கமும் ஒட்டவேண்டும். ஈ மொய்த்தாலும் அசையக் கூடாது. இரண்டு குட்டி விசில் அடித்தால் விடுதலை. முப்பத்தொரு வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஓடுகிற குழந்தையை வண்டி வருகிற ரோட்டில் நிறுத்துவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மற்ற குழந்தைகள் சிரிக்கும், மூக்கைச் சொறியும். தாரணி சிலைதான். ஒரு தடவை அவளை நிறுத்திவிட்டு போன் வந்து நான் மாடிக்குப் போய்விட்டேன். இருபது நிமிஷம் கழித்து ஞாபகம் வந்து எட்டிப் பார்க்கிறேன், அதே இடத்தில் நிற்கிறாள். மூன்று பேர் சுற்றி நின்று கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண் மட்டும் கலங்கியிருந்தது. அப்படி ஒரு குழந்தை முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு அமையவில்லை.

டவாலி யாரையோ கூப்பிடுகிறானே, உன் பெயரா? இல்லையா. சரி.

ஊஞ்சல், சறுக்கு, ஏற்றப்பலகை எல்லாம் முதல் தவணையில் வந்துவிட்டன. அடுத்த தவணையில் ரப்பர் தரையும் வேலியும். இன்ஜினியர் வந்து, ‘அடித்தளத்தை நீங்க ரெடி பண்ணி வெச்சிட்டீங்கன்னா, ரப்பரை வந்து ஒரே நாள்ல ஒட்டிட்டுப் போயிருவோம்’ என்றார். இந்தத் துண்டையும் கொடுத்தார். சரி என்று முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தோம். மண் கெட்டி, கடப்பாரைதான். என் உள்ளங்கையைப் பார், இன்னும் காய்ப்பு போகவில்லை. எடுத்த குழியில் ஜல்லியைக் கொட்டிக் கெட்டித்தோம். நீலமாக, முனை முனையாக, ஒன்றரை அங்குல ஜல்லி. ஊஞ்சலுக்குக் கீழே, சறுக்குக்குக் கீழே, எல்லாம் ஜல்லி. அதன்மேல் ரப்பர் வரவேண்டும்.

காகிதம் வந்தது. நடப்பு ஆண்டில் இத்திட்டத்துக்கான நிதி ஒதுக்கீடு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒரே வரி. நான் இன்ஜினியரிடம் போனேன். ‘மேல நிறுத்திட்டாங்கம்மா. எங்க கையில ஒண்ணுமில்ல. அடுத்த வருசம் வந்தா வரும்.’

‘நாங்கள் வெட்டி வைத்திருக்கிறோமே?’

‘மூடிருங்க.’

மூடிருங்க என்றான் கண்ணு. அவன் மேஜையில் கண்ணாடி போட்டிருந்தது. அதன்மேல் ஓங்கி ஒரு அடி வைத்தேன். விரிசல் விட்டது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பதினெட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மாநகராட்சி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. வரிசையாக நிறுத்தி ஒரு நீள விசில். சிலை. பத்து மணிக்கு அடித்தேன். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பதினொன்றரைக்கு ஒரு பையன் விழுந்தான். பன்னிரண்டுக்கு ஒரு பெண் வாந்தி எடுத்தாள், நின்றபடியே, சட்டையிலேயே. கமிஷனர் அறையிலிருந்து தண்ணீர் பாட்டில் அனுப்பினார்கள். குடிக்க யாரும் கை நீட்டவில்லை. நான் விடுதலை கொடுக்கவில்லையே, எப்படி நீட்டுவார்கள்? அந்த ஒழுங்கைப் பார்த்தாவது அவர்களுக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் என் வீட்டுக்கு வந்து கத்தினார்கள். ‘பார்க் கேட்டமா, பட்டாளம் கேட்டமா?’ என்றாள் ஒருத்தி. சென்னியப்பன் மட்டும் எனக்காகப் பேசினான். ‘டீச்சரு யாருக்காகச் செய்யறாங்க? அவங்களுக்குப் பிள்ளையா குட்டியா?’ என்றான். நல்லதாகத்தான் சொன்னான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை விசிலுக்கு ஆறு பேர். பிறகு மூன்று பேர். பிறகு நானும் அவனும்.

அவன் ஒருநாள், ‘மணலாச்சும் ரெண்டு லோடு கொட்டிரலாங்க டீச்சர். எனக்குத் தெரிஞ்ச லாரிக்காரன் இருக்கான். பிள்ளைங்க வெளையாடட்டும், ரப்பர் வரும்போது வரட்டும்’ என்றான்.

நான் கூடாது என்றேன். நீயே யோசித்துப் பார். மணலைக் கொட்டிவிட்டால் அடுத்த வருஷம் அந்த இன்ஜினியர் வந்து பார்ப்பான். அதான் மணல் இருக்கே, வேலை முடிஞ்சுதே என்று எழுதிவிட்டுப் போவான். ரப்பர் ஜென்மத்துக்கும் வராது. குழி குழியாக, ஜல்லி ஜல்லியாகக் கிடந்தால்தான் கேட்க முடியும். ஜல்லி இருக்கிறவரைதான் நமக்குப் பேச்சு இருக்கிறது என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். ‘பிள்ளைங்க கேக்காதுங்களே’ என்றான்.

‘என் பிள்ளைகள் கேட்கும்.’

கம்பி கட்டிப் பூட்டினேன். தரை வரும்வரை ஒருத்தரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. இந்தத் துண்டை மட்டும் சறுக்குக்கு அடியில் ஜல்லியின்மேல் வைத்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும், என்ன வரவேண்டியது என்று தெரியட்டும். குழந்தைகள் வேலிக்கு வெளியே நின்று அதையே பார்க்கும். இரண்டொருத்தர் நுழைந்து அந்த ஒரு அடிக்குள் நின்று குதித்துவிட்டு ஓடுவார்கள். பிடித்துத் தொடையில் இரண்டு வைத்தேன். அடிபடக் கூடாதே என்றுதான் அடித்தேன். வேறு எதற்கு?

ஆனி மாசம் ஒரு புதன்கிழமை. நாலரை மணி. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கம்பியை வளைத்துக்கொண்டு நாலு பேர் உள்ளே. தாரணி ஊஞ்சலில். உட்கார்ந்துகூட இல்லை, பலகைமேல் நின்று ஆடுகிறாள். நன்றாக வீசி, உயரத்தில். கீழே ஜல்லி. விழுந்தால் என்ன ஆவது?

விசில் அடித்தேன். ஒரு நீள விசில்.

மற்ற மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். கழுதைகள். தாரணி மட்டும்தான் கேட்டாள். ஊஞ்சல் முன்பக்கம் மேலே போயிருக்கிறது, அந்த உச்சியில், சங்கிலியை விட்டுவிட்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டினாள்.

என் கண்ணால் பார்த்தேன். காற்றில் ஒரு நொடி அட்டென்ஷனில் நின்றாள். எவ்வளவு நேர்த்தி என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

இந்தத் துண்டுக்கு இரண்டு அடி தள்ளி விழுந்தாள். இரண்டே அடி. நான் ஓடி இறங்கிப் போகிறேன், அவள் எழுந்து நிற்கிறாள். ஆமாம், நிற்கிறாள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கவில்லை. வலது கை ஒட்டியிருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் ஒட்டத்தான் பார்க்கிறாள், எலும்பு வரமாட்டேன் என்கிறது. ஒரு சத்தம் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்து, இரண்டு குட்டி விசில் அடித்தேன். உடனே ஒரு அலறல் அலறினாள் பார், டேங்கில் இருந்த புறா எல்லாம் பறந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு தகடு வைத்தார்கள். கை முழுசாக நீளாது என்றார் டாக்டர். நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். சென்னியப்பன் பெண்டாட்டி சிந்தாமணி பழத்தைப் பையோடு என் முகத்தில் எறிந்தாள். ‘எந்தக் கையால ஊதுனீங்களோ அந்தக் கை வெளங்காது’ என்றாள். விசிலைக் கையாலா ஊதுவார்கள்? கோபத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாது இந்த ஜனங்களுக்கு. சென்னியப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் சொன்னேன், ‘சென்னியப்பா, இதை வைத்து மனுக் கொடுக்கலாம். இனி ரப்பர் தரமாட்டேன் என்று சொல்ல முடியாது’ என்று. அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலனியில் எல்லோரும் கறி தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற நேரம். கட்டிங் மெஷின் சத்தம் கேட்டது. மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சென்னியப்பன் ஊஞ்சல் கம்பத்தை அறுத்துக்கொண்டிருக்கிறான். மாவுக்கட்டோடு தாரணி ஓரத்தில் நிற்கிறாள்.

நான் போய், ‘நிறுத்து’ என்றேன். அவன் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

‘நான் வெச்சது டீச்சர். நானே எடுத்துக்கறேன்.’

‘இது இருபத்திரண்டு பேர் உழைப்பு.’

‘எங்க அந்த இருவத்திரண்டு பேரு? கூப்புடுங்க, பாக்கலாம்.’

‘சென்னியப்பா, சொன்னதைக் கேள்.’

‘நான் இப்ப ஏழாங்கிளாஸ் இல்லீங்க’ என்றான். மறுபடி மெஷினைப் போட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டினான். முதுகைக் காட்டினான் கண்ணு. இடது கையால் கம்பத்தைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தான், வலது கையில் மெஷின். பொறி பறக்கிறது.

விசில் அடித்தேன். ஒரு நீள விசில்.

நிற்கவில்லை. கேட்கவில்லை என்கிறான் இப்போது. மெஷின் சத்தத்தில் எப்படிக் கேட்கும் என்று அவன் வக்கீல் கேட்கிறார். தாரணிக்குக் கேட்டதே! அவள் நின்றாளே! கட்டுப் போட்ட கையோடு அட்டென்ஷனில் நின்றாளே!

கடப்பாரை ஜல்லியில் நட்டு வைத்தபடி இருந்தது. பிடுங்கினேன். ஒன்று என்று சொல்லிக்கொண்டு வலது மணிக்கட்டில் போட்டேன். மெஷின் எகிறி விழுந்தது. இரண்டு, தோள். அவன் திரும்பினான், ‘டீச்சர்’ என்றான். மூன்று எங்கே பட்டது என்று எனக்கு ஞாபகமில்லை, டாக்டர் சீட்டில் காது என்று எழுதியிருக்கிறது. அவன் ஜல்லியில் விழுந்துவிட்டான். நாலு, முழங்கை. விழுந்தவனை எதற்கு நாலாவது அடித்தீர்கள் என்று என் வக்கீலே கேட்கிறார். முப்பத்தொரு வருஷம் டிரில் எடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? நாலு எண்ணினால்தான் ஒரு சுற்று.

ஏன் நகர்ந்து உட்காருகிறாய்? அங்கேதான் வெயில் என்று சொன்னேனே.

பிறகு ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. மெஷின் மட்டும் ஜல்லியில் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தது. அவன் கிடந்தபடியே, ‘அம்மாளக் கூப்புடு சாமி, ஓடு, அம்மாளக் கூப்புடு’ என்கிறான் மகளிடம். திரும்பத் திரும்பச் சொல்கிறான். வீடு எதிர்லைன், முப்பது தப்படி. அவள் அசையவில்லை. எப்படி அசைவாள்? நான் விடுதலை கொடுக்கவில்லையே. கொடுக்கலாம் என்று பார்த்தால் விசிலைக் காணோம். கயிறு அறுந்து ஜல்லியில் எங்கேயோ விழுந்துவிட்டது. குனிந்து தேடினேன். உண்மையாகவே தேடினேன். சிந்தாமணி வந்து பார்க்கிறவரை முக்கால் மணி நேரம் அந்தக் குழந்தை வெயிலில் நின்றது. பாவாடையெல்லாம் ஈரம். அவள் அப்பன் வாய் ஓய்ந்து கிடந்தான். விசிலைப் பிறகு போலீஸ்காரர்தான் கண்டெடுத்தார். உறையில் போட்டுச் சீட்டு ஒட்டிவிட்டார்கள், கடப்பாரையோடு.

அவனுக்கு வலது கையில் பிடி இல்லை. பட்டறையை மூடிவிட்டான். ஒரு காது போய்விட்டது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் மெஷினை என் பக்கம் நீட்டினான் என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். முதுகைக் காட்டியவன் எப்படி நீட்ட முடியும் என்று அவர்கள் கேட்பார்கள். பார்த்தது தாரணி ஒருத்திதான். இன்றைக்கு அவள் சாட்சி. அவள் வாயில் வருவதை வைத்துத்தான் நான் வீட்டுக்குப் போவதா, உள்ளே போவதா என்பது. ஏழு வருஷம்வரை போடலாமாம். ‘அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா ஜாமீன் கேன்சலுங்க’ என்று வக்கீல் காலையிலும் எச்சரித்தார். நான் ஏன் பேசப்போகிறேன்? எனக்கு அவள்மேல் நம்பிக்கை இருக்கிறது. நான் பழக்கிய குழந்தை.

அதோ, வருகிறார்கள் பார். கேட்டுப் பக்கம். நீலச் சட்டை சென்னியப்பன். இளைத்துவிட்டான். பக்கத்தில் சிந்தாமணி. பின்னால் இரட்டைப் பின்னல். வளர்ந்துவிட்டாள்! படி ஏறுகிறாள். என்னைப் பார்க்கிறாள்.

பார்த்தாயா? பார்த்தாயா கண்ணு? நின்றுவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை, நீதான் சாட்சி. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். மூன்றாவது படியில் அப்படியே நிற்கிறாள் பார். முகவாய் நேராக, குதிகால் சேர்த்து. வலது கை எப்படி ஒட்டியிருக்கிறது பார். இடது கைதான் கொஞ்சம் விலகி நிற்கிறது. தினமும் கால் மணி நேரம் பயிற்சி கொடுத்தால் அதையும் கொண்டுவந்துவிடலாம்.

டவாலி கூப்பிடுகிறான். அவள் பெயர்தான். இரண்டாம் தடவை கூப்பிடுகிறான். சிந்தாமணி கையைப் பிடித்து இழுக்கிறாள், சென்னியப்பன் இடது கையால் முதுகில் தள்ளுகிறான். என்னவோ சொல்லிக் கெஞ்சுகிறார்கள். பாவம், அவர்களுக்குத் தெரியாது. இழுத்தால் வரமாட்டாள். இரண்டு குட்டி விசில் வேண்டும். அது உள்ளே, ஜட்ஜ் மேஜைக்குக் கீழே, கடப்பாரையோடு சீட்டு ஒட்டிக் கிடக்கிறது.